காஞ்சனபுரியில் வேன் நிற்காத இடம்

பாங்காக்கில் காலை ஏழு மணிக்கு வேன் கிளம்பும். ஒன்பது மணிக்கு தம்னுன் சதுவாக் மிதக்கும் சந்தை: படகில் உட்கார்ந்தபடி இளநீர், மாம்பழத்தோடு தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறு. நண்பகலுக்கு முன் காஞ்சனபுரி. போர்க் கல்லறைத் தோட்டத்தில் அரை மணி நேரம், ஓர் அருங்காட்சியகம், குவாய் ஆற்றுப் பாலத்தில் ஒரு நடை. ஆற்றில் மிதக்கும் உணவகத்தில் மதியச் சாப்பாடு. பிறகு ‘மரண ரயில்’ பாதையில் கொஞ்ச தூரம் ரயில் பயணம். சில ஏற்பாடுகளில் மூங்கில் தெப்பச் சவாரியும் உண்டு. இருட்டியதும் ஓட்டல் வாசலில் இறக்கிவிடுவார்கள். தாய்லாந்துக்கு வரும் வெளிநாட்டவருக்குப் பல காலமாக விற்கப்படும் ஒருநாள் சுற்றுலா இது. 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா விலக்கு வந்தபிறகு நம் ஊர்க் குடும்பங்களுக்கும் இந்த வேனில் ஏறுவது எளிதாகிவிட்டது.

இந்த ஏற்பாட்டைக் குறைசொல்பவர்கள் வழக்கமாக ஒன்றைக் கேட்பார்கள்: ஆயிரக்கணக்கானோர் செத்த இடத்தைப் பார்த்த கையோடு படகுச் சவாரியா? எனக்கு அந்தக் குறையில் உடன்பாடு இல்லை. துக்க வீட்டிலும் பந்தி போடுகிறவர்கள் நாம். போரையும் ஆற்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். இரண்டும் ஒன்றையொன்று தொடாத தனித்தனி நிறுத்தங்களாக விற்கப்படுவதுதான் கோளாறு. மதிய நேரத்து இளைப்பாறலுக்கென்று ஒதுக்கிவைத்த அந்த ஆற்றை நம்பித்தான் ரயில் பாதையே போடப்பட்டது. பாதை போட்டவர்களின் சாவிலும் அந்த ஆற்றுக்குப் பங்குண்டு. வழிகாட்டி அதைச் சொல்லத் தொடங்கினால், இந்தச் சுற்றுலா யாரை விட்டுவிட்டு ஓடுகிறது என்பதும் சேர்ந்து வெளிவரும். விடுபட்டவர்களில் பல்லாயிரம் பேர் தமிழர்கள்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. சில மாதங்களில் பர்மாவும் ஜப்பானியர் கைக்குப் போனது. அங்கிருந்த படைக்கு அரிசியும் வெடிமருந்தும் மலாக்கா நீரிணை வழியாகச் சுற்றிக் கப்பலில்தான் போக வேண்டும். அந்தக் கடல்வழியோ நேச நாட்டு நீர்மூழ்கிகளுக்கு அஞ்சியே கடக்க வேண்டியதாக இருந்தது. ஆகவே சயாமின் (தாய்லாந்தின்) பான் போங் பகுதியிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டருக்கு மலையையும் காட்டையும் வெட்டி ரயில் விட முடிவானது. 1942 நடுவில் நேச நாட்டுப் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்து வேலை தொடங்கியது. 1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்த்தா என்ற இடத்தில் இரண்டு முனைகளும் சந்தித்தன.

இந்தப் பாதை சயாம் பக்கத்தில் பெரும்பகுதி தூரம் குவாய் நொய் ஆற்றின் பள்ளத்தாக்கை விட்டு விலகவே இல்லை. அந்தக் காட்டில் சாலை கிடையாது. இருந்த வண்டித்தடமும் மழை பிடித்ததும் சேறாகிவிடும். அரிசி மூட்டை, காய்ந்த கறிகாய், கடப்பாரை, சம்மட்டி எல்லாம் மோட்டார் படகு இழுத்த தோணிகளில் ஆற்றுவழியாகத்தான் மேலே ஏறின. முகாம்களில் பெரும்பாலானவை கரையோரம் அமைந்ததற்கும் அதுவே காரணம். காஞ்சனபுரி வணிகர் பூன்போங் சிரிவேச்சபான் முகாம்களுக்கு முட்டையும் காய்கறியும் விற்கும் சாக்கில் மருந்தையும் பணத்தையும் ஒளித்துக் கொண்டுசேர்த்தாரே, அந்தச் சரக்கும் படகில் போனதுதான். போருக்குப்பின் பிரிட்டன் அவருக்குப் பதக்கம் அளித்தது.

1943-இல் மழை முந்திக்கொண்டது. மே மாதத்தில் மேல்முகாம்களில் காலரா வெடித்தது. மேலே இருக்கும் முகாமின் கழிவு கலந்த தண்ணீர்தான் கீழே இருக்கும் முகாமின் குடிநீர். போர்க்கைதிகளிடையே ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். கொதிக்கவைக்காத தண்ணீரைத் தொடக்கூடாது என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். தொழிலாளர் முகாம்கள் பலவற்றில் மருத்துவரும் இல்லை, அதட்டிச் சொல்ல ஆளும் இல்லை, தண்ணீர் காய்ச்சப் பாத்திரமும் போதவில்லை. அங்கே முகாம் முகாமாகச் செத்தார்கள். தெப்பத்தில் போகும் பயணிக்கு இந்த ஒரு செய்தியைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். சொன்னால் சவாரி கெட்டுப்போகும் என்று ஏற்பாட்டாளர்கள் நினைக்கலாம். பயணிகளை நான் அவ்வளவு குறைவாக மதிப்பிட மாட்டேன்.

அந்தத் தொழிலாளர்கள் யார்? பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், மலாயா ரப்பர் தோட்டங்களின் தமிழர். மலாயாவிலிருந்து மட்டும் 75 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் தமிழர். போர் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றுபோனது. தோட்டங்களில் கூலி இல்லை, அரிசி இல்லை. அந்த நேரத்தில்தான், நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம், சாப்பாடு உண்டு, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்ற ஆசைவார்த்தை வந்தது. ஆள் சேராதபோது தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு விழுந்தது. கிராணியும் (தோட்ட எழுத்தர்) கங்காணியும் பெயர் கொடுக்க வேண்டியதாயிற்று. இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டம் சேர்த்து, கதவை மூடி, அப்படியே லாரியில் ஏற்றிய கதைகளைப் பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. சரக்கு ரயில் பெட்டிகளில் பான் போங் வரை, அங்கிருந்து காட்டுக்குள் நடை.

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் கணக்குப்படி, இந்தப் பாதையில் இறந்த போர்க்கைதிகள் ஏறத்தாழ 13 ஆயிரம் பேர். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 80 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை. முதல் எண்ணுக்குப் பின்னால் பெயர் உண்டு, படைப்பிரிவு உண்டு, வயது உண்டு. இரண்டாவது எண்ணில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நடுவே 20 ஆயிரம் பேர் இருந்தார்களா இல்லையா என்பதே உறுதியில்லாமல் நிற்கிறது.

கல்லறைத் தோட்டத்தில் நின்றால் இந்த வேறுபாட்டின் பொருள் கண்ணில் படும். ஏறத்தாழ 7 ஆயிரம் கல்லறைகள். ஒட்ட வெட்டிய புல். வரிசை பிசகாத தாழ்வான கற்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெண்கலத் தகடு. கல்லுக்குக் கல் நடுவே பூச்செடி. தகட்டைக் குனிந்து படித்தால் 22, 24, 27 என்று வயதுகள். இது தானாக அமைந்த தோட்டம் அல்ல. போர் முடிந்த சில வாரங்களிலேயே, 1945 செப்டம்பர் இறுதியில், ஒரு சிறு குழு இந்தப் பாதை நெடுகப் பயணம் செய்து 144 இடுகாடுகளையும் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளையும் அடையாளம் கண்டது. அதற்கு உதவியவை கைதிகள் உயிரைப் பணயம்வைத்து மறைத்துக் காத்த பதிவேடுகள். எலும்புகளைத் தோண்டி எடுத்து, இன்னார் என்று அறிந்து, பலரை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். இந்த உழைப்பைப் பார்த்து எனக்கு மரியாதைதான் வருகிறது, பொறாமை இல்லை. தன் மனிதர்களுக்கு ஒரு நாடு செய்ய வேண்டிய கடமை அது.

தொழிலாளர்களின் உடல்கள் எரிக்கப்பட்டன, பொதுக்குழியில் தள்ளப்பட்டன, அவர்களை எப்படிக் கணக்கெடுப்பது என்று கேட்பவர்கள் உண்டு. அதே தோட்டத்தில் அதற்கு மறுமொழி இருக்கிறது. எரித்துச் சாம்பலாக்கப்பட்ட ஏறத்தாழ 300 போர்க்கைதிகளின் அஸ்தி அங்கே இரண்டே கல்லறைகளில் வைக்கப்பட்டிருக்கிறது. அவர்களின் பெயர்கள் மண்டபத்துப் பலகைகளில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உடல் இல்லாமல் போனாலும் பெயரை வைக்கலாம். அதற்கு யாராவது பெயரை எழுதிவைத்திருக்க வேண்டும். தோட்டத்து ஆள்கணக்கில் இருந்த பெயர்களைத் தேடி எடுத்துப் போர் முடிந்த கையோடு சயாமுக்கு யாரும் குழு அனுப்பவில்லை.

சுற்றுலா வேன் கல்லறையைப் பார்த்து நிற்கிறது. நிறுத்த ஓர் இடம், படம் எடுக்க ஒரு கல், வழிகாட்டி கையில் ஒரு தாள்: இந்த மூன்றும் யாருக்கு இருக்கிறதோ அவர்களுடைய கதைதான் சுற்றுலாவில் சொல்லப்படும். போர்க்கைதிகளுக்கு நாட்குறிப்புகளும் கோட்டோவியங்களும் நினைவுநூல்களும் உண்டு. குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றி 1957-இல் வந்த டேவிட் லீனின் திரைப்படமும் உண்டு. பியர் பூலின் நாவலை வைத்து எடுத்த அந்தப் படம் உண்மையில் படமாக்கப்பட்டது இலங்கையில், களனி ஆற்றங்கரைக் கித்துள்கலையில். காஞ்சனபுரிப் பாலத்தின் கீழே ஓடிய ஆற்றுக்கு அன்றைய பெயர் மே குளோங். படத்தைப் பார்த்துவிட்டு வருபவர்கள் குவாய் ஆற்றைத் தேடியதால் 1960-களில் ஆற்றின் பெயரையே குவாய் யாய் என்று மாற்றினார்கள். பயணிகள் கேட்டதற்காக ஓர் ஆறே பெயர் மாறியிருக்கிறது. அப்படியானால், பயணிகள் வேறொன்றைக் கேட்டாலும் இந்தத் தொழில் இணங்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேட்க வேண்டியவை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. பாலத்துக்கு அருகே, இந்தப் பாதையில் இறந்தவர்களுக்காக ஜப்பானிய ராணுவமே 1944-இல் எழுப்பிய நினைவுத் தூண் ஒன்று நிற்கிறது. அதில் பல மொழிகளில் பொறிப்புகள், தமிழிலும் உண்டு. வேலை வாங்கிச் சாகடித்தவர்கள் தமிழில் ஒரு கல்லாவது வைத்தார்கள். போருக்குப்பின் மலாயாவுக்குத் திரும்பிவந்த பிரிட்டிஷ் அரசு தன் ஆட்சிக்குட்பட்டிருந்த அந்தத் தொழிலாளிகளுக்கென்று இங்கே ஒரு தோட்டம் போடவில்லை. வேனில் வருபவர்களில் பலர் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு அந்தத் தூணைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பெரிய கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வாட் தாவோர்ன் வராராம் என்ற பௌத்தக் கோயில் இருக்கிறது. பெயர் தெரியாத தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்துவைத்த இடம் அது. மலேசியத் தமிழர்களும் தாய்லாந்துத் தமிழர்களும் எடுத்த முயற்சியால் 2023-இல் அங்கே ஒரு நடுகல் நாட்டப்பட்டது. ஏறத்தாழ 80 ஆண்டு காத்திருப்பு. மலேசியாவில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று நாவல் எழுதினார், அ. ரங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ எழுதினார். கதையில் இருந்தவர்களுக்கு இப்போது கல்லும் வந்திருக்கிறது. வேன் மட்டும் இன்னும் அங்கே நிற்பதில்லை.

ரயில் பயணத்தில் ஓரிடம் உண்டு. தாம் க்ராசே அருகே பாதை மலைச்சுவரை ஒட்டி மரக்கால்கள் மேல் வளைந்து போகும். ரயில் நடை வேகத்துக்கு இறங்கும். ஒரு பக்கம் கைநீட்டினால் தொடும் தூரத்தில் பாறை. மறுபக்கம் கீழே குவாய் நொய், அதன்மேல் மிதக்கும் விடுதிகள். எல்லோரும் கைப்பேசியை நீட்டிக்கொண்டு ஆற்றுப்பக்கம் சாய்வார்கள். போரும் ஆறும் ஒரே ஜன்னலில் வந்து நிற்கும் இடம் இது. கீழே அந்தக் கரையோரங்களில்தான் முகாம்கள் இருந்தன, அரிசியும் கருவிகளும் அந்த ஆற்றுவழியாகத்தான் மேலே ஏறின என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. நல்ல வழிகாட்டிகள் சொல்லவும் செய்கிறார்கள். ஆனால் அது அவரவர் அக்கறையைப் பொறுத்திருக்கிறது. விற்கும் பொருளின் பகுதியாக இல்லை.

ஒரு நாளில் முடியாதவையும் இருக்கின்றன, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கைதிகள் பாறையைக் கையால் உடைத்துத் திறந்த நரக நெருப்புக் கணவாய் காஞ்சனபுரியிலிருந்து இன்னும் 80 கிலோமீட்டர். அங்கே ஆஸ்திரேலிய அரசு 1998-இல் அமைத்த அருங்காட்சியகம் பார்த்தே ஆக வேண்டிய ஒன்று. காலரா மிகக் கொடுமையாகத் தாக்கிய மேல்பகுதியில் நியேக்கே, கொன்கொய்த்தா போன்ற இடங்கள் 1980-களில் கட்டிய வச்சிராலங்கோர்ன் அணையின் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டன. அங்கே இறந்தவர்களை இனி யாரும் தோண்டித் தேட முடியாது.

காஞ்சனபுரி வரை போகிற ஒரு நாளை மட்டுமாவது சரிசெய்யலாம். மிதக்கும் சந்தையை விடலாம் என்பது என் துணிபு. போகவர இரண்டு மூன்று மணி நேரத்தை அது தின்றுவிடுகிறது. விட மனமில்லாதவர்களுக்கு ஒரு செய்தி: அந்தச் சந்தை நடக்கும் கால்வாய் 1860-களில் மே குளோங்கையும் தா சின் ஆற்றையும் இணைக்க வெட்டப்பட்டது. குவாய் நொய், குவாய் யாய் இரண்டும் காஞ்சனபுரியில் கூடித்தான் மே குளோங் ஆகின்றன. ஆக, காலைப் படகின் கீழே இருப்பதும் மேல்முகாம்களிலிருந்து இறங்கிவரும் ஆற்றோடு சேர்ந்த நீர்தான். அதைச் சொன்னால் நாளின் இரு பாதிகளும் முதல் நிறுத்தத்திலேயே இணைந்துவிடும்.

சென்னையிலும் கோலாலம்பூரிலும் தாய்லாந்துப் பயணம் விற்கும் தமிழ் ஏற்பாட்டாளர்கள் பாங்காக் கூட்டாளிகளிடம் மூன்றைக் கேட்டு வாங்கலாம்: கல்லறைத் தோட்டத்திலிருந்து வாட் தாவோர்னுக்கு அரை மணி நேரம், பாலத்தருகே அந்தத் தூணின் தமிழ்ப் பொறிப்பின் முன் பத்து நிமிடம், வழிகாட்டி கையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு பக்கக் குறிப்பு. குறிப்பை எழுதித்தரத் தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்களும் மலேசியத் தமிழ் அமைப்புகளும் ஒரு மாதம் உழைத்தால் போதும். கூடவே பெயர்ப் பட்டியல் வேலையும் தொடங்கட்டும். எந்தத் தோட்டத்திலிருந்து யார் போய்த் திரும்பவில்லை என்பது பேராக், சிலாங்கூர், ஜொகூர் குடும்பங்களில் தாத்தாக்களின் தம்பிமார் பெயராக இன்னும் சொல்லப்படுகிறது. அதைச் சொல்லத் தெரிந்த தலைமுறை இப்போது எண்பது வயதைத் தாண்டிவிட்டது.