பெயர்ப்பலகை மாறலாம், பட்டத்தின் மதிப்பு?

நிலத்தை ஈடு வைத்து மகனைப் படிப்பிக்கும் சண்டிலிப்பாய்க் கமக்காரர் பல்கலைக்கழகச் சட்டங்களைப் படிப்பதில்லை. மகன் பெறும் பட்டத்தை உலகம் மதிக்குமா என்பதையே அவர் அறிய விரும்புகிறார். உயர்கல்வி நிறுவனங்களை இணைக்கும்போதும் பிரிக்கும்போதும் ஆட்சியாளர் மறந்துவிடுவதும் அந்தக் கேள்வியையே.

அயலிலுள்ள வட்டுக்கோட்டையைப் பார்ப்போம். 1872இல் தோன்றிய யாழ்ப்பாணக் கல்லூரியில் நல்லாசிரியர் இருந்தனர், நூல்நிலையம் இருந்தது. பட்டம் வழங்கும் அதிகாரம் மட்டும் இருக்கவில்லை. ஆதலால் அங்கு உயர்கல்வி கற்றோர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்குத் தோற்றினர். கல்வி வேறு, அதற்குரிய அங்கீகாரம் வேறு என்பதை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்.

1972ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டின் பல்கலைக்கழகங்களை ஒன்றாக்கி, 'இலங்கைப் பல்கலைக்கழகம்' என்னும் ஒரே அமைப்பின் வளாகங்களாக மாற்றியது. 1974இல் யாழ்ப்பாண வளாகமும் அவ்வமைப்பிலேயே பிறந்தது. திருநெல்வேலிப் பரமேஸ்வராக் கல்லூரியும் வட்டுக்கோட்டையின் பட்டப்படிப்புப் பகுதியும் அதற்கு இடந்தந்தன. நாம் மகிழ்ந்தோம், மகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால் அந்த இணைப்பு நிலைத்ததா? 1978ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கலைத்தது. 1979 சனவரி முதல் யாழ்ப்பாணம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஓர் ஆட்சி கட்டியதை மற்றோர் ஆட்சி ஏழாண்டுகளுக்குள் குலைத்தது. அந்தப் பழைய பெயர் பொறித்த சான்றிதழை வைத்திருப்போர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அப்பெயருக்குரிய நிறுவனந்தான் இல்லை!

வவுனியாவின் கதையும் இதுவே. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி. 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம். 2021இல் தனிப் பல்கலைக்கழகம். முப்பதாண்டுகளில் மூன்று நிலைகள்.

இணைப்பே கூடாதென நாம் கூறவில்லை. சிறிய நிறுவனத்துக்குப் பெரியதன் ஆசிரியரும் ஆய்வுகூடமும் நற்பெயரும் கிடைப்பது நன்மையே. ஆயினும் ஒட்டுக் கட்டுவதன் முறையைக் கமக்காரர் அறிவர். அடிமரமும் கிளையும் நோயற்றவையா என்று பார்த்த பின்னரே கத்தியை எடுப்பர். கல்வி நிறுவனங்களை ஒட்டுவோர் அவ்வளவாவது பார்க்க வேண்டாமா?

நாம் கேட்பவை மூன்று. இணைப்புக்கு முன்னரே ஒவ்வொரு பட்டநெறியின் தரமும் தனித்தனியே ஆராயப்பட்டு, முடிவு தமிழிலும் வெளியிடப்பட வேண்டும். இடைநடுவில் உள்ள மாணவருக்கு, அவர்கள் எந்தப் பட்டத்தை நம்பிச் சேர்ந்தனரோ அதுவே உறுதியாக வேண்டும். பழைய பதிவேடுகளை எந்த நிறுவனம் பொறுப்பேற்கும் என்பது சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். நாற்பதாண்டு கழித்து வெளிநாட்டார் ஒருவர் வினவினாலும், இச்சான்றிதழ் மெய்யே என்று பதில் சொல்ல ஓர் அலுவலகம் இருக்க வேண்டும்.

பெயர்ப்பலகையை மாற்ற ஒரு நாள் போதும். ஈடு வைத்த நிலத்தை மீட்கக் கமக்காரருக்கு ஓர் ஆயுட்காலம் வேண்டும். சட்டம் இயற்றுவோர் இதனை நெஞ்சிற் கொள்வார்களாக!