குரல் இல்லாமல் இந்தக் கதை ஏது?

‘தி அன்ஹோலி த்ரீ’யின் 1925 மௌனப்படமே உசத்தி, 1930இல் வந்த பேசும்படம் வெறும் நகல் என்று நம் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். நான் ஒப்ப மாட்டேன், பிள்ளைகளே.

சர்க்கஸை விட்டுத் திருட்டில் இறங்கும் மூவரில் தலைவன், வாயசைக்காமல் பேசும் வித்தைக்காரன். கிழவி வேடத்தில் கடை நடத்தி, பேசாத கிளியைப் பேசுவதாகக் காட்டி விற்கிறான். வாங்கியவர் வீட்டுக்கே போய் வேவு பார்க்கிறான். குரலே களவுக்கருவி! இதை எழுத்தட்டையில் படித்தால் போதுமா? நீதிமன்றத்தில் கிழவிக்குரல் சறுக்கி ஆண்குரல் வெளிப்படுவதைக் காதால் கேட்க வேண்டாமா?

ஐந்து குரல்களும் தனதே என்று லான் சேனி பிரமாணப் பத்திரமே கொடுத்தார். காது கேளாத பெற்றோரின் பிள்ளை அவர். பேசி நடித்தது இந்த ஒரே படம். அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்துபோனார்.

அந்தக் குரலையா நகல் என்கிறீர்கள்? முதலில் கேளுங்கள், பிறகு வாதாடுங்கள்.