மெழுகுதிரியா, முஸல்லாவா?



தெமோதரைப் பக்கத்துச் சகோதரி ஒருவர் கேட்கிறார்: "ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க வரும் வெளிநாட்டாருக்காக எல்லயில் யோகா வகுப்புகள் நடக்கின்றன. மெதுவாகச் செய்யும் யோகாவும், மெழுகுதிரியை உற்றுப் பார்ப்பதும் முதுகுவலிக்கும் மனக் கவலைக்கும் நல்லதாம். நமக்குக் கூடுமா ஹஸ்ரத்?"

தீர்ப்புக்கு முன் விஷயத்தை விளங்கிக் கொள்வோம். 'யின்' எனும் முறையில் ஒரே நிலையில் மூன்று முதல் ஐந்து நிமிடம் அசையாதிருப்பார்கள். இளைப்பாறும் முறையில் தலையணை, போர்வைகளை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருப்பார்கள். சுடரை இமைக்காமல், கண்ணீர் வரும்வரை நோக்குவது திராடகம். 15ஆம் நூற்றாண்டின் 'ஹட யோகப் பிரதீபிகை' அதை ஆறு சுத்திக் கிரியைகளில் ஒன்றாகச் சேர்க்கிறது.

2008 நவம்பரில் மலேசியாவின் தேசிய ஃபத்வா சபை, மந்திரமும் வழிபாடும் கலந்த யோகா முஸ்லிம்களுக்குக் கூடாது என்றது. சில நாட்களில் பிரதமர் அப்துல்லாஹ் பதாவி, மந்திரமில்லாத உடற்பயிற்சிக்குத் தடையில்லை என விளக்கினார். 2009 ஜனவரியில் இந்தோனேசிய உலமா சபையும் மந்திரத்தைத் தடுத்து, வெறும் உடற்பயிற்சியை அனுமதித்தது. 2017இல் சவூதி அரேபியா யோகாவை விளையாட்டாக ஏற்றது. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு: நாவில் என்ன இருக்கிறது, நிய்யத்தில் என்ன இருக்கிறது.

கொழுந்துக் கூடை சுமந்த முதுகும், அடுப்படியில் நின்ற கால்களும் ஓய்வு கேட்கின்றன. நம் உடலுக்கும் கண்ணுக்கும் நம்மீது ஹக்கு உண்டு என்பது நபிகளார் (ஸல்) கற்றுத் தந்த பாடம். வீட்டிலேயே பாய் விரித்துப் படுத்து, கால்களைச் சுவரில் உயர்த்திச் சாய்த்து, நிதானமாக மூச்சு விடுங்கள். வலித்தால் உடனே நிறுத்துங்கள். மாதம் ஏறிய கர்ப்பிணிகள் நெடுநேரம் மல்லாந்து படுக்க வேண்டாம்.

மெழுகுதிரியை விட்டுவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. அது வேறொரு சாதனையின் பகுதி. கண் அழுத்த நோயும் வலிப்பும் உள்ளவர்களுக்கு ஆபத்தும் உண்டு. பார்வையை ஒரே இடத்தில் நிறுத்தும் பழக்கம் நமக்குப் புதிதா? ஸுஜூது செய்யும் இடத்தில் கண்ணைப் பதித்து, அவசரமின்றித் தொழுது பாருங்கள். ஆனால் தொழுகை இபாதத். அதை உடற்பயிற்சியாக்கி விடாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் வைத்தியரிடம் போவது ஈமானின் குறைவல்ல.

வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை: நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் யாரும் "உம்மா" என்று கூப்பிடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். அந்த நேரத்துத் தேத்தண்ணீரை நீங்களே ஊற்றிக் கொள்ளலாம்.