திமிங்கிலமும் மௌனமும்

சென்ற இதழில் கடல் பற்றி வந்த மூன்று கவிதைகளிலும் திமிங்கிலம் வருகிறது. மூன்றிலும் அது மௌனமாக இருக்கிறது. ஒன்றில் பிரபஞ்ச மௌனம், ஒன்றில் ஆதி மௌனம், மற்றதில் வெறும் மௌனம். தனக்குத் தெரியாததெல்லாம் மௌனமாகத்தான் இருந்தாக வேண்டும் என்று நம் கவிஞன் முடிவுகட்டிவிட்டான் போலிருக்கிறது.

நீலத் திமிங்கிலம் மௌனப் பிராணி அல்ல. உயிரினங்களின் மிக உரத்த குரல்களில் ஒன்று அதனுடையது. அந்தக் குரலின் பெரும்பகுதி மனிதச் செவியின் கீழ் எல்லையை ஒட்டியோ அதற்கும் கீழேயோ ஒலிப்பதால் நமக்குக் கேட்பதில்லை. குறை நம் காதில். அதைத் திமிங்கிலத்தின் தத்துவமாக மாற்றுவது கவிதை அல்ல, சோம்பல்.

இதைச் சொல்கிற நானும் மௌனத்தைத் தேடிப் போனவன்தான். ஒரு மார்ச் மாதக் காலையில், இலங்கையின் தென்கரையில் மிரிஸ்ஸவிலிருந்து படகேறினேன். முதல் இரண்டு மணி நேரம் கிடைத்தது டீசல் புகையும் வாந்தியும். பிறகு தூரத்தில் நீர்ப்புகை ஒன்று எழுந்தது. படகோட்டி இஞ்சினை முடுக்கினார். எங்களுக்கு முன்பே ஆறு படகுகள் பாய்ந்துகொண்டிருந்தன. 100 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்று 2012-இல் விதி வந்திருக்கிறது. நெருங்கினோம்.

சாம்பல் கலந்த நீல முதுகு, முடிவே இல்லாததுபோல் நகர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் வால் உயர்ந்து மறைந்தது. மூழ்கிய இடத்தில், எண்ணெய் ஊற்றியதுபோல் ஒரு வட்டம் அலையற்றுக் கிடந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அது மூச்சுவிட மேலே வந்த பிராணி, நாங்கள் ஏழு படகுகளில் போய் அதை வளைத்தோம் என்பது கரையேறிய பிறகுதான் உறைத்தது.

அப்பால் தெற்கே கன்டெய்னர் கப்பல்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. தெய்வேந்திரமுனைக்கு வெளியே உள்ள அந்தப் பாதை உலகின் நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று. இந்தத் திமிங்கிலங்களின் இரைகொள்ளும் இடமும் அதுவே. பிற கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் பலவற்றைப்போல் இவை துருவத்துக்குப் போவதில்லை. வட இந்தியப் பெருங்கடலிலேயே தங்கிவிடுகின்றன. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலின் முகப்பில் நீலத் திமிங்கிலத்தின் சடலம் மடிந்து தொங்கியது. இவ்வளவு ஸ்தூலமான படிமம் ஒன்று அந்த மூன்று கவிதைகளில் உண்டா?

கப்பல் இஞ்சின்களின் இரைச்சலும் திமிங்கிலத்தின் குரலும் ஏறத்தாழ ஒரே தாழ்ந்த அதிர்வெண்களில் இயங்குகின்றன. ஒன்று மற்றதை அமுக்குகிறது. ஆக, மௌனம் என்று நாம் எழுதுகிற இடத்தில் உண்மையில் இருப்பது இரைச்சல். அதுவும் நம்முடைய இரைச்சல்.

கவிதை விலங்கியல் பாடமல்ல என்பார்கள். சரி. மெல்வில் திமிங்கிலத்தை மீன் என்றே 'மோபி டிக்'கில் (1851) எழுதினார். ஆனால் அவர் திமிங்கில வேட்டைக் கப்பலில் வேலை செய்தவர். தோல், கொழுப்பு, எலும்பு என்று அத்தியாயம் அத்தியாயமாகப் பார்த்து எழுதியவர். அந்த உடலின் மேல்தான் அர்த்தத்தை ஏற்றினார். தவறு செய்யும் உரிமையைப் பார்த்துச் சம்பாதித்தார். நம்மவர்களுக்கு உடல் வேண்டாம், அர்த்தம் மட்டும் போதும்.

2022-இல் ஒரு பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல்மைல் தெற்கே தள்ளிச் செலுத்தத் தொடங்கியது. வரைபடத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். திமிங்கிலம் எங்கே இருக்கிறது என்று யாரோ எண்ணிப் பார்த்ததால் போட முடிந்த கோடு.

அடுத்த கடல் கவிதைக்கு முன் நம் கவிஞர்கள் ஒருமுறை அந்தப் படகில் ஏறட்டும் என்று முடிக்கலாம். வேண்டாம். அங்கே ஏற்கனவே படகுகள் அதிகம். கரையில் உட்கார்ந்து கொஞ்சம் படித்தாலே போதும்.