கைவிறைப்பு கொம்பியூட்டர் வருத்தமா?

கார்ப்பல் டனல் சின்ட்ரோம் எண்டதும் எங்கட ஆக்களுக்கு உடனே ஞாபகம் வாறது லப்டொப்பும் போனும்தான். "எந்நேரமும் அதை நோண்டினால் கை விறைக்காமல் என்ன செய்யும்?" எண்டு வீட்டில ஏச்சு வாங்காத கம்பஸ் பிள்ளைகள் குறைவு. ஆனால் விசைப்பலகை மீதான குற்றச்சாட்டுக்கு ஆதாரம் அவ்வளவு பலமில்லை. கையை இறுக்கிப் பிடித்து, மணிக்கட்டை மடக்கி, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிற வேலைகளுக்கும், அதிர்கிற கருவிகளுக்கும்தான் ஆதாரம் கூட.

மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு ஒடுக்கமான பாதை இருக்கிறது. கீழே எலும்புகள், மேலே தடித்த நார்ப்பட்டி. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதுக்குள்ளாலதான் போகவேணும். உள்ளே வீக்கம் வந்தால் நசிபடுவது நரம்பு. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி விறைக்கும். சின்னவிரல் தப்பிவிடும், அதுக்கு வேற நரம்பு. இரவில் கூடும், எழும்பிக் கையை உதறினால் கொஞ்சம் சுகம்.

நீரிழிவு, தைரொயிட் குறைபாடு, மூட்டுவாதம், கர்ப்பகாலம், பழைய மணிக்கட்டு முறிவு எல்லாம் இதைக் கொண்டுவரலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கே கூட. அப்படியிருந்தும், தேங்காய் துருவி, உடுப்புப் பிழிந்து, கார்மென்ட்ஸில் நாள் முழுக்கத் துணி இழுத்துத் தைக்கிற பெண் "கை விறைக்குது" எண்டால் கிடைக்கிற பதில் "வாதம்", "வயசு போகுது". பிறகு ஒரு எண்ணெய்ப் போத்தல்.

எண்ணெய் பூசுவதில் எனக்குக் கோபமில்லை. கோபம், அதோட காலம் போவதில்தான். ஆரம்பத்தில் எண்டால் இரவில் மணிக்கட்டை நேராக வைக்கிற ஸ்பிளின்ட் ஒன்றே பலருக்குக் காணும். அடுத்தது ஸ்டெரொயிட் ஊசி. சில மாதங்களுக்குச் சுகம் தரும். அதுவும் சரிவராவிட்டால் அந்த நார்ப்பட்டியை வெட்டி நரம்புக்கு இடம்விடுகிற சின்ன ஒப்பரேசன், பெரும்பாலும் கையை மட்டும் விறைக்கப்பண்ணி. நாள் கடத்தினால் பெருவிரலடித் தசை வற்றும். பிறகு ஒப்பரேசன் செய்தாலும் பழைய பலம் முழுசாத் திரும்பாமல் போகலாம்.

"கைக்கு ரெஸ்ட் குடுங்கோ" எண்டு கிளினிக்கில் சொல்லுவினம். சரியான அறிவுரைதான். ஆனால் டார்கெட்டுக்கு வேலை செய்கிறவ, ஒருநாள் லீவெடுத்தால் வருகைக் கொடுப்பனவை இழக்கிறவ எங்க போய் ரெஸ்ட் எடுக்கிறது? வேலையை ஆள் மாற்றிக் கொடுக்கலாம், இடையில சின்ன ஓய்வு விடலாம், மேசை உயரத்தை ஆளுக்கேற்ற மாதிரி வைக்கலாம். இதுகளைச் செய்யவேண்டியது வேலை தாறவர், நோயாளி இல்லை.