பெட்டிக்குள் உறங்கும் கருவிகள்

‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ என்னும் பழமொழியை ஒரு தச்சரிடம் சொன்னால் அவர் சிரிக்கக்கூடும். புல்லைக் கொண்டு எந்த வல்லவனாலும் ஒட்டுப்பலகையை நேராக அறுக்க முடியாது. மழுங்கிய உளியோடு நாள் முழுதும் போராடியவருக்கும், பல் தேய்ந்த ரம்பத்தால் நல்ல பலகையைப் பாழாக்கியவருக்கும் தரமான கருவியின் அருமை தெரியும். ஆகவே, விலையுயர்ந்த மின்கருவியை வாங்கும் மரவேலைக்காரரைக் கண்டவுடன் ஊதாரி என்று முத்திரை குத்துவது முறையன்று. ஆனால், அவரிடம் ஒரு கேள்வியைக் கேட்கலாம். அந்தக் கருவி ஒரு வேலைக்காக வாங்கப்பட்டதா, அல்லது அலமாரியில் இருந்த இடைவெளியை நிரப்ப வாங்கப்பட்டதா?

இக்கேள்வி எழுவதற்குக் காரணம் உண்டு. ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் மரவேலையைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பலர். அவர்களுள் சிலரின் வீட்டை ஒட்டிய கார்க் கொட்டகைக்குள் நுழைந்தால், ஒரே வடிவத்தில் செய்யப்பட்ட பெட்டிகள் தரையிலிருந்து கூரைவரை அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒன்றில் துளையிடும் கருவி, ஒன்றில் வட்ட ரம்பம், இன்னொன்றில் மணல்தாள் பொருத்திய தேய்ப்புக் கருவி என ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. சில பெட்டிகள் வாரந்தோறும் திறக்கப்படும். சில பெட்டிகள் வாங்கிய அன்று திறக்கப்பட்டதோடு சரி.

இத்தகைய சேகரிப்பில் அடிக்கடி இடம்பெறும் பெயர் ஃபெஸ்டூல். ஜெர்மனியில் 1925ஆம் ஆண்டு ஆல்பர்ட் ஃபெசர், காட்லிப் ஸ்டோல் ஆகிய இருவர் தொடங்கிய தொழிலகத்திலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. சாதாரண மின்கருவிகளைவிட அதன் கருவிகள் இரண்டு மூன்று மடங்கு விலையாக இருப்பதும் உண்டு. அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதை முதலில் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

எட்டடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட ஒட்டுப்பலகையைத் தனி ஆளாகத் தூக்கி, மேசை ரம்பத்தின்மேல் வைத்து அறுப்பது கடினம், ஆபத்தும்கூட. அதற்கு மாற்றாக, பலகையைத் தரையிலேயே கிடத்தி, அதன்மேல் நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்றை வைத்து, அச்சட்டத்தின் வழியே வட்ட ரம்பத்தைத் தள்ளிச் செல்லும் முறை வந்தது. கனமான பலகை ரம்பத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. ரம்பம் பலகையைத் தேடி வருகிறது. கோடும் விலகுவதில்லை. அதே நிறுவனத்தின் ‘டோமினோ’ என்னும் கருவி, மரத்தில் நீள்வட்டத் துளையைச் சில நொடிகளில் குடைந்துவிடும். இரு மரத்துண்டுகளிலும் அத்தகைய துளைகளை இட்டு, இடையே ஒரு மரக்கட்டையைச் செருகி ஒட்டினால் உறுதியான இணைப்பு கிடைக்கும். உளியாலும் கொட்டாப்புளியாலும் அதே துளையைக் குடைய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது ஒருமுறை முயன்றவருக்குத் தெரியும். டோமினோவின் விலை ஆயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டும். மாதந்தோறும் நாற்காலிகளும் அலமாரிகளும் செய்து விற்பவருக்கு அது செலவன்று, முதலீடு.

உடல்நலமும் இதில் அடங்கியுள்ளது. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995ஆம் ஆண்டிலேயே மரத்தூசியை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. தூசு எழும் இடத்திலேயே அதை உறிஞ்சும் வகையில் வடிவமைக்கப்பட்ட தேய்ப்புக் கருவிக்குக் கூடுதல் பணம் கொடுப்பவரை யாரும் குறை சொல்ல முடியாது.

இன்னோர் எடுத்துக்காட்டு அமெரிக்காவில் உண்டு. ஸ்டீவ் காஸ் என்னும் வழக்கறிஞர் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஓய்வு நேரத்தில் மரவேலை செய்பவர். சுழலும் ரம்பத்தில் விரல் பட்டவுடன் அதை நிறுத்த முடியுமா என்று 1999ஆம் ஆண்டு அவர் ஆராயத் தொடங்கினார். அந்த முயற்சியில் பிறந்த ‘சாஸ்டாப்’ மேசை ரம்பம், தோலின் மின்கடத்தும் தன்மையை உணர்ந்து, ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடுகிறது. ஓர் அலுமினியக் கட்டி பாய்ந்து ரம்பத்தின் பற்களைக் கவ்விக்கொள்ளும். ரம்பத் தகடு பெரும்பாலும் வீணாகிவிடும், விரல் பிழைக்கும். இதற்கான கூடுதல் விலையைப் பற்றிப் பேரம் பேசுவோரிடம் அவர்களுடைய விரலின் விலையைத்தான் கேட்க வேண்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் வேலையோடு தொடர்புடையவை. சிக்கல் தொடங்கும் இடம் பெட்டி.

ஃபெஸ்டூலோடு ஒரே குழுமத்தைச் சேர்ந்த டானோஸ் என்னும் நிறுவனம் 1993ஆம் ஆண்டு ‘சிஸ்டெய்னர்’ என்னும் நெகிழிப் பெட்டியை அறிமுகப்படுத்தியது. பெட்டிகளின் உயரம் வேறுபடும். ஆனால் நீள அகலம் ஒன்றே. ஒரு பெட்டியின்மேல் இன்னொன்றை வைத்துப் பூட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். முதலில் நான்கு கொக்கிகளை மாட்ட வேண்டியிருந்தது. 2010ஆம் ஆண்டு வந்த வடிவத்தில் முன்புறமுள்ள ஒரே திருகியைத் திருப்பினால் போதும். உள்ளே கருவியின் வடிவத்துக்கு ஏற்பக் குழி அமைந்திருக்கும். வீடு வீடாகச் சென்று சமையலறை அலமாரிகளைப் பொருத்தும் தொழிலாளிக்கு இது பெரிய வசதி. காலையில் மூன்று பெட்டிகளைச் சேர்த்துப் பூட்டி ஒரே நடையில் வண்டியில் ஏற்றிவிடலாம். மாலையில் பெட்டியைத் திறக்கும்போது ஒரு குழி காலியாக இருந்தால், எதையோ வாடிக்கையாளர் வீட்டில் விட்டுவிட்டோம் என்பது உடனே தெரிந்துவிடும். எளிய சிந்தனை, அருமையான கண்டுபிடிப்பு.

அதே பெட்டி, எங்கும் பயணம் செய்யாத ஒருவரின் கொட்டகைக்கு வரும்போது வேறு வேலை செய்கிறது. ஐந்து பெட்டிகள் அழகாக அடுக்கப்பட்டிருக்கும் இடத்தில் ஆறாவதற்கான இடம் வெறுமையாகத் தெரிகிறது. அருகில் கிடக்கும் பழைய துளைக்கருவி, நன்றாக ஓடினாலும், அந்த வரிசையில் பொருந்தாத பொருளாகத் தோன்றுகிறது. 18ஆம் நூற்றாண்டில் டிடரோ என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் இதைப் பற்றி வேடிக்கையாக ஒரு கட்டுரை எழுதினார். புதிய மேலங்கி ஒன்று கிடைத்த பிறகு, தம் வீட்டிலிருந்த பழைய பொருள்கள் எல்லாம் அதற்கு ஒவ்வாதவையாகத் தெரிந்தன என்றும், அவற்றை ஒவ்வொன்றாக மாற்றியதில் செலவு ஏறியது என்றும் அவர் புலம்பியிருந்தார். மேலங்கியின் இடத்தில் இன்று நெகிழிப் பெட்டி நிற்கிறது.

வணிகர்கள் இதை நன்கு அறிவார்கள். மின்கலத்தில் இயங்கும் கருவிகளில் இந்தக் கட்டு இன்னும் இறுக்கமானது. ஒரு நிறுவனத்தின் மின்கலம் மற்றொரு நிறுவனத்தின் கருவிக்குப் பெரும்பாலும் பொருந்தாது. முதல் கருவியை வாங்கியவர் இரண்டாவதையும் மூன்றாவதையும் அங்கேயே வாங்க வேண்டியதாகிறது. 2018ஆம் ஆண்டு ஜெர்மனியில் சில நிறுவனங்கள் கைகோத்து, ஒரே மின்கலத்தைப் பகிர்ந்துகொள்ள முன்வந்தன. நல்ல முயற்சிதான், ஆயினும் பெரிய நிறுவனங்கள் பல இன்னும் தத்தம் வேலிக்குள்ளேயே இருக்கின்றன.

“என் பணம், என் விருப்பம், அஞ்சல்தலை சேகரிப்பவரை யாரும் இப்படிக் கேள்வி கேட்பதில்லையே” என்று சேகரிப்பாளர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கடன் வாங்காமல், குடும்பச் செலவைக் குறைக்காமல் ஒருவர் தம் பணத்தில் எதையும் சேகரிக்கலாம். ஆனால், அஞ்சல்தலை சேகரிப்பவர் தம்மை அஞ்சல்காரர் என்று நினைத்துக்கொள்வதில்லை. கருவி சேகரிப்பவர் தம்மை மரவேலைக்காரர் என்றே நினைக்கிறார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கருவிகளை ஒப்பிட்டுப் படிப்பதிலும், விலை குறையும் நாளுக்குக் காத்திருப்பதிலும், பெட்டிக்குள் பஞ்சணையை அளந்து வெட்டுவதிலும் சனி ஞாயிறுகள் கழிகின்றன. அந்த நேரத்தில் ஒரு முக்காலியாவது செய்திருக்கலாம். அது ஆடியிருக்கும், இணைப்பில் விரிசல் தெரிந்திருக்கும். ஐந்தாவது முக்காலி ஆடாமல் நின்றிருக்கும்.

இதைவிடக் கவலைக்குரிய நிலை, புதிதாகக் கற்க வருவோருடையது. அடுக்கடுக்கான பெட்டிகளைப் படங்களில் பார்க்கும் இளையர், இவையெல்லாம் இருந்தால்தான் மரவேலை செய்ய முடியும் என்று நம்பிவிடுகிறார். பணம் சேரட்டும், பிறகு தொடங்கலாம் என்று ஒதுங்கிவிடுகிறார். ஒரு ரம்பம், இரண்டு உளிகள், ஓர் இழைப்புளி, ஒரு மூலைமட்டம், ஒரு தீட்டுக்கல் ஆகியவை போதும், முதல் ஆண்டைக் கழிக்க. உளியைத் தீட்டக் கற்றுக்கொள்வதற்கே சில வாரங்கள் தேவைப்படும்.

“தரமான கருவி விலை குறையாது, வேண்டாமென்றால் விற்றுவிடலாம்” என்பது அடுத்த வாதம். இதற்குப் பதில் தேட இங்கிலாந்தின் ராச்செஸ்டர் நகரிலுள்ள கில்டுஹால் அருங்காட்சியகத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே ஒரு தச்சரின் கருவிப்பெட்டி இருக்கிறது. கென்ட் வட்டாரத்தைச் சேர்ந்த பெஞ்சமின் சீட்டன் என்னும் இளம் தச்சருக்கு அவருடைய தந்தை 1796ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் கருவி வணிகர் ஒருவரிடமிருந்து முழுத் தொகுதியாகக் கருவிகளை வாங்கித் தந்தார். மறு ஆண்டு பெஞ்சமின் அவற்றை வைப்பதற்கு அழகிய மரப்பெட்டி ஒன்றைத் தம் கையாலேயே செய்தார். கருவிகளின் பெயரையும் விலையையும் குறித்த பட்டியல்கூட இன்றும் இருக்கிறது. பிறகு என்ன நடந்தது? அக்கருவிகளுள் பெரும்பாலானவை அதிகம் பயன்படுத்தப்படவே இல்லை. அதனால்தான் அவை இன்றுவரை பிழைத்திருக்கின்றன. அக்காலத் தச்சர்களின் உழைத்த கருவிகள் தேய்ந்தும் உடைந்தும் மறைந்துபோக, உழைக்காத இந்தக் கருவிகள் 200 ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன. 18ஆம் நூற்றாண்டின் இழைப்புளி புதிதாக இருந்தபோது எப்படி இருந்தது என்பதை அறிய வரலாற்றாசிரியர்களுக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. பயன்படுத்தாத கருவிக்கும் ஒரு பயன் உண்டு என்று சேகரிப்பாளர் மகிழ்ந்துகொள்ளலாம்.

ஆனால், இன்றைய பெட்டிகளுக்கு அந்தப் பேறும் இல்லை. சீட்டனின் இழைப்புளி மரத்தாலும் எஃகாலும் ஆனது. துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் இன்றும் அது மரத்தை இழைக்கும். லித்தியம் மின்கலமோ பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் முதுமை அடையும். பெட்டிக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்தாலும் அதன் உள்ளே நிகழும் வேதிமாற்றம் நிற்பதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நிறுவனம் மின்கலத்தின் வடிவத்தையே மாற்றிவிட்டால், புத்தம் புதிதாகத் தோன்றும் கருவி இயங்காத பொம்மையாகிவிடும். மிஞ்சுவது நல்ல நெகிழிப் பெட்டி ஒன்றுதான்.

கருவியை நேசிப்பதோ, அதற்கு அழகிய பெட்டி செய்வதோ குற்றமன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பியானோ செய்யும் தொழிலகத்தில் வேலை பார்த்த ஹென்றி ஸ்டட்லி (1838–1925) என்பவர் சுவரில் மாட்டும் கருவிப்பேழை ஒன்றைச் செய்தார். மூடியிருக்கும்போது அது ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமும் அரை மீட்டர் அகலமும்தான். திறந்தால் உள்ளே ஏறத்தாழ 300 கருவிகள். கருங்காலியும் முத்துச்சிப்பியும் பதித்த சிறு சிறு அறைகளில், ஒன்றை விலக்கினால் அதன் பின்னே இன்னொன்று தெரியும்படி அவற்றை அவர் பொருத்தியிருந்தார். இன்றைய நெகிழிப் பெட்டி எதுவும் அதன் அழகை நெருங்க முடியாது. அவை பியானோ செய்யும் ஒருவரின் வேலைக்கருவிகள் என்பதே அந்தப் பேழைக்கு உயிர். தமிழர் வீடுகளிலும் ஆயுத பூசையன்று உளிக்கும் ரம்பத்துக்கும் பொட்டு வைப்பார்கள். அன்று ஒரு நாள் ஓய்வு. மறுநாள் அந்த உளியில் மரத்தூள் படிந்துவிடும்.

வாங்கவும் வேண்டும், வீணாகவும் கூடாது என்றால் வழியே இல்லையா? கலிபோர்னியாவின் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979ஆம் ஆண்டு முதல் நூல்களைப் போலவே கருவிகளையும் இரவல் கொடுத்து வருகிறது. நகரவாசி ஒருவர் நூலக அட்டையைக் காட்டி ரம்பத்தையோ துளையிடும் கருவியையோ இலவசமாக எடுத்துச் செல்லலாம். கதவு ஒன்றைப் பொருத்த ஒரே ஒரு முறை தேவைப்படும் கருவிக்காக அவர் ஒரு பெட்டியை வாங்க வேண்டியதில்லை. அவர் திருப்பிக் கொடுத்த கருவி அடுத்த வாரம் வேறொரு வீட்டின் புத்தக அலமாரிக்குத் துளையிட்டுக்கொண்டிருக்கும்.