இயந்திர ஆசிரியர் வரட்டும்; மனித ஆசிரியர் போகக் கூடாது

பாடத்தில் சந்தேகம் வந்தால் நம் வீட்டுப் பிள்ளை யாரைக் கேட்கும்? தகப்பனுக்குப் படிப்பில்லை. தாய் நாலு வீட்டு வேலை முடித்து இரவில்தான் திரும்புகிறாள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் போன பிள்ளை, ஆங்கிலத்தில் எழுந்து கேட்டால் பிறர் சிரிப்பார்களே என்று வாய்மூடி உட்கார்ந்திருக்கிறது. வசதியுள்ளவன் டியூஷன் வைத்துக் கொள்கிறான். நம் பிள்ளை தோற்கிறது. பிறகு படிப்பையே விடுகிறது.

அதனால்தான் இயந்திர உதவி ஆசிரியர் பற்றி நாம் பேச வேண்டியிருக்கிறது. 2016-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் பேராசிரியர் அசோக் கோயல், ‘ஜில் வாட்சன்’ என்ற பெயரில் ஒரு கணிப்பொறி நிரலை உதவி ஆசிரியராக அமர்த்தினார். இணையவழி வகுப்பில் சுமார் 300 மாணவர்கள்; ஒரு பருவத்தில் சுமார் 10,000 பதிவுகள். முந்தைய பருவங்களின் சுமார் 40,000 பதிவுகளைக் கொண்டு அதைப் பழக்கினார்கள். 97 சதவிகிதம் உறுதியிருந்தால்தான் பதில் சொல்லும். அது இயந்திரம் என்பது பருவ முடிவில்தான் மாணவர்களுக்குச் சொல்லப்பட்டது.

அந்தப் பழைய பதிவுகளை எழுதியவர்கள் யார்? மனிதர்கள். இயந்திரத்தின் அறிவு மனித உழைப்பில் விளைந்தது. ஜில் வந்த பிறகும் மனித உதவி ஆசிரியர்கள் அந்த வகுப்பில் இருந்தார்கள். இதை நம் கல்வி அதிகாரிகள் மறந்துவிடக் கூடாது.

1980-களில் ரயில்வேயில் கணிப்பொறி முன்பதிவு வந்தது. பேரேடு புரட்டும் வேலை ஒழிந்தது; நல்லதுதான். ஆனால் ஊரில் சாவு என்று சேதி கேட்டு ஓடிவருகிறவனுக்கு, படிவம் நிரப்பத் தெரியாதவனுக்கு, இன்றும் கவுண்டரில் ஒரு மனிதன் வேண்டும். கல்வியிலும் அப்படியே. கடைசித் தேதி எது, எந்தப் பாடத்தில் எந்தப் பகுதி என்பதை இயந்திரம் சொல்லட்டும். இரவு 11 மணிக்குக் கேட்டாலும் அது சிரிக்காது, சலிக்காது. ஆனால் படிப்பை விடப்போகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்து அது கண்டுகொள்ளாது. இன்றைய இயந்திரங்கள் தப்பையும் தடுமாறாமல் சொல்கின்றன. திருத்த ஆசிரியர் வேண்டும்.

எனவே நாம் கேட்பது மூன்று. பதில் சொல்வது இயந்திரம் என்பதை மாணவருக்கு முதல் நாளே சொல்லுங்கள். அதைக் காட்டி ஓர் ஆசிரியர் பணியிடத்தையும் குறைக்காதீர்கள். பிள்ளை தமிழில் கேட்டால் தமிழில் சரியான பதில் தரும்படி செய்யுங்கள்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. கல்லூரி முடித்த நம் இளைஞர்கள் ஞாயிறுதோறும் சங்கப் படிப்பகத்தில் இரண்டு மணி நேரம் உட்காரட்டும். கேட்கக் கூசும் பிள்ளைக்கு முதலில் தேவை, பக்கத்தில் உட்கார ஓர் அண்ணன், ஓர் அக்கா.